கரிச்சட்டியும் மூடிய ஜன்னலும்: பனிக்காலத்தில் விடுதிப் பிள்ளைகளின் உடல்நலம்

வாசகர் கடிதம்:

டாக்டருக்கு வணக்கம். நான் உதகையில் ஒரு கல்லூரியின் மாணவியர் விடுதியில் வார்டனாக இருக்கிறேன். 120 பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள். பாதிப் பேர் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம். மீதிப் பேர் ராமநாதபுரம், திருவாரூர், விருதுநகர் என்று வெயில் ஊர்க்காரர்கள். டிசம்பர் பிறந்தாலே எனக்குப் பயம் வந்துவிடுகிறது. ஒரு அறையில் இருமல் தொடங்கினால் ஒரே வாரத்தில் மாடி முழுக்கப் படுத்துவிடுகிறது. போன ஜனவரியில் நான்கு பெண்கள் இரும்புச் சட்டியில் கரி போட்டு அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். விடியற்காலையில் ஒருத்திக்கு வாந்தி, மற்ற மூவருக்கும் தலைவலி. பித்தம் என்று நினைத்துச் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். இன்னொரு விஷயம். இரண்டாமாண்டுப் பெண் ஒருத்தி, பனி விழ ஆரம்பித்தாலே கை, கால், முதுகெல்லாம் வலி என்று அழுகிறாள். வகுப்புக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்கிறார்கள் கூட இருக்கும் பிள்ளைகள். எனக்கும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. விடுதியில் நர்ஸ் கிடையாது. குளிர்காலத்துக்கு என்னென்ன ஏற்பாடு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறது நிர்வாகம். என்ன எழுதட்டும்?

பதில்:

வார்டன் அம்மாவுக்கு வணக்கம்.

நிர்வாகத்துக்கு எழுதுவதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த இரண்டாமாண்டுப் பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும். அவள் நடிக்கிறாள் என்ற முடிவுக்கு யாரும் வர வேண்டாம். இந்த வாரமே அவளை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

காரணம் இருக்கிறது. குளிர் தொடங்கியதும் எலும்பைக் குடைகிற மாதிரி கை, கால், முதுகில் வலி வருகிறது. சில நாளில் தானாகத் தணிகிறது. அடுத்த குளிரில் மறுபடி வருகிறது. நீலகிரியில் ஒரு இளம்பெண் இப்படிச் சொன்னால் மருத்துவருக்கு உடனே நினைவுக்கு வர வேண்டியது சிக்கிள் செல் ரத்தசோகை. இந்தியாவில் இந்தக் குறைபாடு முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே இந்த மலையில்தான். 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்தபோது தெரியவந்தது. இருளர், குறும்பர், பணியர் மக்களிடம் இது உண்டு. வயநாடன் செட்டி சமூகத்தாரிடமும் உண்டு.

இந்தக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்கள் ஆக்சிஜன் குறையும்போது வட்ட வடிவம் போய் அரிவாள் மாதிரி வளைந்து விறைத்துக்கொள்ளும். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும். சுருங்கிய குழாயில் வளைந்த அணுக்கள் அடைத்துக்கொண்டால் அதற்கு அப்பால் ரத்தம் போகாது. அந்த இடம் ஆக்சிஜன் இல்லாமல் தவிப்பதைத்தான் அவர்கள் வலி என்கிறார்கள். தண்ணீர் குறைவாகக் குடித்தாலும், காய்ச்சல் வந்தாலும், உடம்பை வருத்தி ஓடினாலும் இதேதான் நடக்கும். பிரசவ வலியையும் பார்த்து இந்த வலியையும் பார்த்தவர்கள் இரண்டையும் ஒன்றாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் வெளியே பார்த்தால் பெரும்பாலும் வீக்கமும் தெரியாது, காயமும் தெரியாது. அதனால்தான் பள்ளிக்கூடம் தொட்டே "சோம்பேறி", "நடிக்கிறாள்" என்று பேர் வாங்கி வளர்கிறார்கள் இந்தப் பிள்ளைகள்.

உங்கள் பெண்ணுக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் உடம்பு வலிக்கும், குளிர் தாங்காது. இளவயது மூட்டுவாதமாகவும் இருக்கலாம். வெறும் இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம். எதுவானாலும் பரிசோதனை செய்தால்தான் தெரியும். அவள் எந்தச் சமூகம் என்று பார்த்து நீங்களாக ஊகிக்க வேண்டாம், அவளிடம் அப்படிக் கேட்கவும் வேண்டாம். "அடிக்கடி வலி என்கிறாயே, ரத்தம் சோதித்துப் பார்த்துவிடுவோம்" என்றால் போதும். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தில் 40 வயது வரை உள்ளவர்களுக்குச் சோதனை செய்கிறார்கள். அரசு மருத்துவமனையில் கேளுங்கள். முதல் சோதனையில் சந்தேகம் வந்தால், இன்னொரு சோதனை செய்துதான் உறுதி சொல்வார்கள். அதுவரை பொறுங்கள். கூடலூர்ப் பக்கத்துப் பிள்ளையாக இருந்து விடுமுறைக்கு ஊருக்குப் போனால், அங்கே உள்ள ஆதிவாசி மருத்துவமனையில் இந்த நோயை நன்கு அறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நோய் உறுதியானால் அதோடு வாழ்க்கை முடிந்துவிடாது. தினமும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை எடுத்தால் வலி வருவது நன்றாகக் குறையும். ஃபோலிக் அமில மாத்திரையும் தருவார்கள். விடுதி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குளிக்க எப்போதும் வெந்நீர் கொடுங்கள். ஜன்னலை ஒட்டிய கட்டிலை மாற்றிக் கொடுங்கள். தண்ணீர் பாட்டில் எப்போதும் கையில் இருக்கட்டும். விடியற்காலை உடற்பயிற்சிக்கு வரச் சொல்லாதீர்கள். வலி வந்த நாளில் விடுப்புக்குக் கெஞ்ச வைக்காதீர்கள். ஆனால் வலியோடு காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ, முகம் திடீரென்று வெளுத்தாலோ காலை வரை காத்திருக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த விவரம் உங்களுக்கும் அவளுக்கும், அவள் சம்மதித்தால் அறைத்தோழி ஒருத்திக்கும் மட்டும் தெரிந்தால் போதும். நோட்டீஸ் போர்டில் போகிற விஷயம் இல்லை. சோதனையில் இந்தக் குறைபாட்டின் மரபணு அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் அவள் நோயாளி இல்லை. அதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், வீணாகப் பயந்துபோவார்கள்.

சரி, அடுத்தது கரிச்சட்டி. அன்று அந்த நான்கு பெண்களும் உயிரோடு எழுந்தது பெரிய விஷயம். அது பித்தம் இல்லை. கார்பன் மோனாக்சைடு நச்சு.

கரி புகையும்போது எல்லோரும் வெளியே வைத்திருப்பார்கள். புகை அடங்கி, கங்கு செக்கச்செவேல் என்று ஆனதும் "இனிமேல் பயமில்லை" என்று உள்ளே எடுத்து வருவார்கள். ஆபத்து அங்கேதான். புகையில்லாத கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு மயக்கம். விழித்திருப்பவருக்குத் தலைவலியாவது எச்சரிக்கை கொடுக்கும். தூங்குகிறவருக்கு அதுவும் இல்லை, தூக்கத்திலேயே போய்விடுவார். கொடைக்கானலிலும் இங்கேயும் அறைக்குள் கரி மூட்டித் தூங்கி இறந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். பெரும்பாலும் சமவெளியிலிருந்து வந்தவர்கள். கணப்பு என்றால் அதற்குப் புகைபோக்கி உண்டு என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும். கீழே இருந்து வந்த பிள்ளைக்கு அது தெரியாது.

ஒரே அறையில் படுத்த இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி என்றால் சாப்பாட்டைச் சந்தேகிப்பதற்கு முன்னால் நெருப்பைச் சந்தேகியுங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து அத்தனை பேரையும் வெளியே கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். எழுந்து நடக்கிற பிள்ளையும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெளிக்காற்றில் மட்டும் விட்டால் உடம்பில் ஏறிய நச்சில் பாதி இறங்கவே 4, 5 மணி நேரம் ஆகும். முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் அந்தப் பாதி இறங்கிவிடும். இன்னொன்று முக்கியம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இந்த விஷயத்தில் நம்பக் கூடாது. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் இந்த நச்சு ஏறிய ரத்தத்தையும் அது பிரித்துப் பார்க்காது. 98 என்று காட்டும்போதே பிள்ளை சாகக் கிடக்கலாம்.

குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரிலும் இதே ஆபத்து உண்டு. சின்னக் குளியலறை, குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரில் அட்டை வைத்து அடைத்திருப்பார்கள், உள்ளே அரை மணி நேரக் குளியல். உங்கள் விடுதியில் அப்படி ஒன்று இருந்தால் நிர்வாகத்துக்கு எழுதுகிற தாளில் முதல் வரியாக அதைப் போடுங்கள். கீசரைக் கட்டடத்துக்கு வெளியே மாற்றட்டும், இல்லையென்றால் மின்சாரக் கீசரோ சூரிய வெந்நீரோ வைக்கட்டும். வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடு ஒரு அறையிலும் இருக்கக் கூடாது. ஈரக் கையோடு அதைத் தொடுவார்கள்.

"கரிச்சட்டி கூடாது" என்று எழுதி ஒட்டினால் மட்டும் போதாது. குளிர் நிஜம். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை தலைக்குந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் புல் வெள்ளையாகக் கிடக்கிறது. வெப்பநிலை ஒன்று, இரண்டு டிகிரிக்கு இறங்கும் ராத்திரியில் ஒற்றைக் கம்பளியோடு படுக்கும் பிள்ளை நெருப்பைத் தேடத்தான் செய்யும். அதனால் தடை போடும்போதே மாற்றும் கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு கம்பளி. துணி உறை போட்ட வெந்நீர்ப் பை, அதுவும் படுக்கையைச் சூடாக்கத்தான், தோலோடு ஒட்டி வைத்துத் தூங்கினால் கொப்புளம் வரும். மாலை 6 முதல் 9 வரை சூடாக இருக்கும் ஒரு பொது அறை. புகைபோக்கி உள்ள பழைய கணப்பு இருந்தால், பறவைக்கூடு அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்து அதை மூட்டலாம். நெருப்பு முழுக்க அணையும் வரை ஒரு பணியாளர் கூடவே இருக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் ஒன்று வாங்குங்கள், தனி பிளக்கில் போடுங்கள். பிள்ளைகள் அங்கேயே படிப்பார்கள், அங்கேயே பேசுவார்கள். அறைக்குப் போவது தூங்க மட்டும் என்று ஆகிவிடும். நிர்வாகத்திடம் நீங்கள் கேட்பதில் இந்தப் பொது அறைதான் அதிகப் பலன் தரும் என்று நான் நினைக்கிறேன். மனசு சம்பந்தமான பாதி விஷயங்களையும் அது பார்த்துக்கொள்ளும், அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பார்த்தவரை விடுதிகளில் குளிரை விடக் குளிருக்குப் பயந்து செய்வதுதான் பிள்ளைகளை அதிகம் படுக்க வைக்கிறது. ஒரே வாரத்தில் மாடி முழுக்க இருமல் பரவுவதும் அப்படித்தான். ஆறு பேர் படுக்கும் அறை, நவம்பரில் மூடிய ஜன்னல் பிப்ரவரியில்தான் திறக்கும். ஒருத்தி இருமினால் அந்தக் காற்றை ஆறு பேரும் ராத்திரி முழுக்க மாறி மாறிச் சுவாசிக்கிறார்கள். ராத்திரி ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. பனி விழும் நாட்களில் இங்கே வானம் தெளிவாக இருக்கும், காலை 10 மணிக்கு நல்ல வெயில் ஏறிவிடும். பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு 10 முதல் 3 வரை எல்லா ஜன்னல்களையும் திறந்து போட ஒரு ஆளிடம் பொறுப்பு கொடுங்கள். ராத்திரியில் மேலே உள்ள வென்டிலேட்டரை மட்டும் அடைக்காமல் விட்டால் போதும்.

அந்த வெயிலிலேயே கம்பளியையும் போடுங்கள். மார்ச்சில் மடித்து அலமாரியில் வைத்த கம்பளியை, மழைக்காலம் முழுக்க ஈரம் குடித்தபின், டிசம்பரில் அப்படியே உதறிப் போர்த்திக்கொள்கிறார்கள். பூஞ்சணமும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியும் அதற்குள்ளே குடியிருக்கும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு அன்றைக்கே மூச்சு இழுக்கும். கம்பளிக்குப் பருத்தி உறை தைத்துப் போட்டு, உறையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுடுதண்ணீரில் துவைக்கலாம்.

இழுப்பு உள்ள பிள்ளைகள் யார் யார் என்று ஜூனிலேயே கேட்டு எழுதி வையுங்கள். இன்ஹேலர் எடுத்தால் பழக்கமாகிவிடும் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள், அவர்களும் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பார்கள். அது பழக்கம் ஆகாது, மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது, அவ்வளவுதான். கடுங்குளிரில் இன்ஹேலர் டப்பா சில்லிட்டுப் போனால் மருந்து சரியாக வராது. ஸ்வெட்டர் பைக்குள் வைத்திருக்கச் சொல்லுங்கள். இழுப்பு வந்தால் உட்கார வைத்து, நீல நிற இன்ஹேலரை ஸ்பேசரில் (மருந்தைத் தேக்கி மூச்சில் இழுக்க உதவும் குழல்) பொருத்தி ஒரு அழுத்து, நான்கு மூச்சு. இப்படி நான்கு முறை. நான்கு நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் இன்னொரு சுற்று கொடுத்துக்கொண்டே 108. ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் திணறுகிறாள் என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

காய்ச்சல், சளி வந்தவர்களுக்குத் தனியாக ஒரு அறை ஒதுக்குங்கள். மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுதாக ஆன பிறகு பழைய அறைக்குத் திரும்பலாம். பாராசிட்டமால், வெந்நீர், கஞ்சி, தூக்கம். பெரும்பாலான வைரஸ் காய்ச்சலுக்கு இவ்வளவுதான் வைத்தியம். போன தடவை மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக்கை ஒருவருக்கொருவர் பங்கு போட்டுக்கொள்வதைக் கண்டிப்பாகத் தடுங்கள். சளிக்கு அது கேட்கவும் கேட்காது, நிஜமாகத் தேவைப்படும் நாளில் வேலை செய்யாமலும் போகும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால், அல்லது விட்ட காய்ச்சல் மறுபடி ஏறினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆஸ்துமா, சிக்கிள் செல், சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே. ஃப்ளூவுக்கு உள்ள மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும்.

விடாத காய்ச்சலில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்க்ரப் டைஃபஸ் எனும் உண்ணிக் காய்ச்சல் தமிழ்நாட்டில் மழை முடிந்து வரும் இந்தக் குளிர் மாதங்களில்தான் அதிகம். புதரும் புல்லும் மண்டிய இடத்தில் உட்கார்ந்து எழுந்தால் பூச்சி கடித்ததே தெரியாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் கடுமையான தலைவலியும் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது. அது அக்குளிலோ, மார்புக்குக் கீழோ, தொடை இடுக்கிலோ இருப்பதால் பெண் பிள்ளைகள் கூச்சத்தில் காட்டுவதில்லை. ஸ்வெட்டர் மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தால் மருத்துவரும் பார்க்காமல் விட்டுவிடுவார். "உடம்பில் எங்கேயாவது கறுப்பாகப் பொருக்கு இருக்கிறதா, பாத்ரூமில் பார்த்துவிட்டு வா" என்று நீங்கள் ஒரு வார்த்தை கேளுங்கள். டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.

அடுத்தது உங்கள் கடிதத்தில் இல்லாத விஷயம். பெண் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். குளிரில் தாகம் எடுக்காது, தண்ணீர் பல்லைக் கூசும். கழிப்பறை வராந்தாவின் கடைசியில் இருக்கும், அங்கே தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். அதனால் குடிப்பதைக் குறைப்பார்கள், சிறுநீரை அடக்குவார்கள். பிறகு எரிச்சல், அடிவயிற்று வலி, சொட்டுச் சொட்டாகப் போவது. ஜனவரியில் நான் பார்க்கும் கல்லூரிப் பெண்களில் நிறைய பேர் இதற்காகத்தான் வருகிறார்கள், வந்து "வயிற்று வலி" என்று மட்டும் சொல்வார்கள். மாடிக்கு ஒரு பெரிய ஃபிளாஸ்க்கில் சீரகத் தண்ணீர், கழிப்பறையில் ஒரு குழாயிலாவது வெதுவெதுப்பான தண்ணீர், ராத்திரி முழுக்க எரியும் வராந்தா விளக்கு. இந்த மூன்றுக்கும் பெரிய செலவு இல்லை. மாதவிடாய் நாட்களில் இது இன்னும் முக்கியம். சிறுநீர் எரிச்சலோடு குளிர் நடுக்கமும் விலாவில் வலியும் வந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். அன்றே காட்டுங்கள்.

தமிழ்நாட்டில் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ரத்தம் குறைந்த உடம்புக்குக் குளிர் இரண்டு பங்கு. எல்லோருக்கும் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கேளுங்கள், விடுதிக்கே வந்து பார்ப்பார்களா என்று விசாரிக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் பிள்ளைகள் அதோடு டீ குடிக்கக் கூடாது. தேயிலை ஊரில் இது கஷ்டம்தான், ஆனாலும் சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால்தான் சத்து உடம்பில் சேரும். காலை உணவில் ராகிக் கஞ்சியோ, சூடான எதுவோ இருக்கட்டும். ஆறிப்போன இட்லியை டிசம்பர் காலையில் யாரும் சாப்பிட மாட்டார்கள், வெறும் வயிற்றோடு கிளம்பிவிடுவார்கள்.

விரல் நுனி சிவந்து வீங்கி அரிக்கிறது என்று சிலர் காட்டுவார்கள். சில்லிட்ட விரலை நெருப்பில் காட்டுவதால் வருவது. ஈரக் காலுறையை மாற்றி, வெதுவெதுப்பாக வைத்திருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும். புண்ணானால் மட்டும் காட்டுங்கள்.

நிர்வாகத்துக்கு எழுதும் தாளில் மேலே சொன்ன பொது அறை, வெந்நீர், இரண்டாவது கம்பளி இவற்றோடு ஒரு நோயாளி அறையையும் கேளுங்கள். இரண்டு கட்டில், கழிப்பறை ஒட்டினாற்போல், வெயில் படும் பக்கமாக. அதில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு, ஆக்சிமீட்டர் ஒன்று, ஸ்பேசர் ஒன்று, பாராசிட்டமால், ஓஆர்எஸ், ஒரு நோட்டு. நோட்டில் பேர், தேதி, நேரம், காய்ச்சல் எவ்வளவு, என்ன மாத்திரை கொடுத்தோம் என்று எழுதுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யார் யாருக்கு எத்தனை மாத்திரை கொடுத்தார்கள் என்று தெரியாமல் வருகிற பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பது சிரமம். பாராசிட்டமால் ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

ஆக்சிமீட்டரைப் பற்றி இங்கே இன்னொரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தைவிடக் காற்றழுத்தம் கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு. நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கே இங்கே 95, 96 என்று காட்டலாம், பதற வேண்டாம். விரல் சில்லிட்டிருந்தாலும், நகச்சாயம் இருந்தாலும் தப்பாகக் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, சாயத்தை அழித்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் 92-க்குக் கீழே என்றால் கிளம்ப வேண்டியதுதான்.

எதில் கிளம்புவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பனிமூட்டத்தில் ராத்திரி ஆட்டோ கிடைக்காது. 108-ஐக் கூப்பிட்டு, கூடவே பக்கத்தில் குடியிருக்கும் ஒரு ஜீப் ஓட்டுநரிடமும் பேசி வைத்து அவர் எண்ணைச் சுவரில் எழுதுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 700 படுக்கைகள் இருக்கின்றன, அவசரத்துக்கு அங்கே போகலாம். போகலாமா வேண்டாமா என்று சந்தேகமாக இருந்தால் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-இல் கேட்கலாம்.

இனி மனசு. குளிர்நாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டுப் பகல் குறைவதால் மனச்சோர்வு வருகிறது என்று இங்கேயும் சிலர் சொல்கிறார்கள். நம் மலையில் ஜூனுக்கும் டிசம்பருக்கும் பகல் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். உங்கள் பிள்ளைகளின் சோர்வுக்குச் சூரியனைக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. முதலாண்டுப் பெண், முதல் செமஸ்டர் தேர்வு, வீட்டைவிட்டு முதல் தடவை, தீபாவளிக்குப் போய்விட்டு வந்த ஏக்கம், பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள் என்ற கணக்கு, கம்பளிக்குள் போனுடன் ராத்திரி இரண்டு மணி வரை. குளிர் இதன் மேல் வந்து உட்கார்கிறது. குளிக்காமல், தலை வாராமல், காலை உணவுக்கு வராமல் ஒரு வாரம் போனால் "குளிருக்குப் படுத்திருக்கிறாள்" என்று விட்டுவிடாதீர்கள். எல்லோர் முன்னாலும் கேட்காமல், உங்கள் அறைக்குக் கூப்பிட்டு ஒரு டம்ளர் டீ கொடுத்துக் கேளுங்கள். "சாகணும்போல இருக்கா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உள்ளே வைத்துப் புழுங்குகிற பிள்ளைக்கு, ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே பெரிய ஆறுதல். ஆமாம் என்றால் அன்று அவளைத் தனியே விடாதீர்கள். வீட்டுக்குச் சொல்லுங்கள், மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. அந்த எண்ணைக் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். அங்கேதான் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும்.

பொங்கல் முடிந்து திரும்பும் பிள்ளைகளில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால், கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை ஊரிலேயே இருக்கச் சொல்லிப் பெற்றோருக்கு இப்போதே கடிதம் போட்டுவிடுங்கள். விடுப்பு எண்ணிக்கையில் அதைச் சேர்க்க வேண்டாம் என்று கல்லூரியிடமும் பேசுங்கள், இல்லையென்றால் மறைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

கடைசியாக, நீங்களும் சமையல் அக்காக்களும் வருடம் ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் செப்டம்பரில் போடுவது நல்லது, இந்த வருடம் தவறியிருந்தால் இப்போதும் போடலாம். 120 பேருக்குக் கஞ்சி காய்ச்சுகிற ஆள் படுத்துவிட்டால் அதைச் சமாளிக்க உங்களிடம் வேறு ஆள் இல்லை.